ஒளியும் ஒளிதலும்: வில்லியம் பீபியின் மீன்களை முன்வைத்து

1

தமிழில் 'ஒளி' என்ற சொல்லைப் பெயராக வைத்தால் வெளிச்சம். வினையாக்கினால் மறைந்துகொள். 'ஓடி ஒளிஞ்சுக்கோ' என்று குழந்தையிடம் சொல்லும்போது யாரும் வெளிச்சத்தை நினைப்பதில்லை. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா, தற்செயலாக ஒரே ஓசையில் வந்து நிற்பவையா என்பதை மொழியியலாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு செயல்களுக்கு ஒரே ஓசையை வைத்துக்கொண்டு நாம் தலைமுறை தலைமுறையாகக் குழப்பமில்லாமல் பேசிவருகிறோம். வடலூரில் ஏழு திரைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துத்தான் ஜோதியைக் காட்டுகிறார்கள். அதிலும் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஆனால் நம் முற்போக்குச் சொல்லாடலில் இந்த இரட்டைத்தன்மைக்கு இடம் கிடையாது. அங்கே ஒளி என்றால் அறிவு, விடுதலை, விடியல். இருள் என்றால் மடமை, அடிமைத்தனம், கடந்தகாலம். ஐரோப்பியப் பதினெட்டாம் நூற்றாண்டை 'அறிவொளிக் காலம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். 1990களில் எழுத்தறிவு இயக்கத்துக்கும் 'அறிவொளி' என்றே பெயர் வைத்தோம். (அந்த இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண்களைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமல்ல. அவர்கள் கைக்கு வந்த எழுத்து உண்மையானது. நான் பேசுவது உருவகத்தைப் பற்றி.) 'வெளிச்சத்துக்குக் கொண்டுவருவோம்' என்பது நம் துண்டறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் வாசகம். யாரை, யாருடைய வெளிச்சத்துக்கு என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை.

இந்த உருவகம் செல்லுபடியாகாத இடம் ஒன்று பூமியில் இருக்கிறது. சின்ன இடமல்ல. கடலில் ஏறத்தாழ 200 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரையுள்ள அடுக்கு அது. 200 மீட்டருக்குக் கீழே, தாவர நுண்ணுயிர்கள் உணவு தயாரிக்கப் போதுமான சூரிய ஒளி கிடையாது. 1000 மீட்டருக்குக் கீழே சூரியன் என்று ஒன்று இருப்பதற்கான தடயமே கிடையாது. இரண்டுக்கும் நடுவில், உச்சிவேளையிலும்கூட, விடிந்தும் விடியாத ஒரு நீலம். ஆங்கிலத்தில் ட்விலைட் ஸோன் என்கிறார்கள். நான் அந்திமண்டலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அங்கே மறைந்துகொள்ள எதுவும் இல்லை. பாறை இல்லை, பாசி இல்லை, பொந்து இல்லை. எல்லாப் பக்கமும் தண்ணீர். வெளிச்சம் மேலிருந்து மட்டும் இறங்குகிறது. ஆகவே கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் வேட்டைமீனுக்கு, மேலே போகும் மீன் ஒரு கருநிழலாகத் தெரியும். தெரிந்தால் தீர்ந்தது. இதற்கு அந்த மீன்களிடம் இருக்கும் பதிலைக் கவனியுங்கள். வயிற்றுப்புறத்தில் வரிசை வரிசையாக ஒளியுறுப்புகள். மேலிருந்து வரும் நீலத்தின் அதே நிறத்தில், அதே அளவில் வயிற்றை எரியவிட்டால் நிழல் அழிந்துபோகிறது. மேலே வெளிச்சம் கூடினால் இதுவும் கூட்டிக்கொள்கிறது. மேலே மங்கினால் இதுவும் மங்குகிறது. கோடரிமீன்கள் இதைச் செய்கின்றன. ஏறத்தாழ 250 இனங்கள் கொண்ட விளக்குமீன் குடும்பம் இதைச் செய்கிறது. உலகத்தில் முதுகெலும்புள்ள உயிர்களிலேயே எண்ணிக்கையில் அதிகம் என்று கருதப்படும், விரல் நீளம்கூட வராத சைக்ளோதோன் மீன்களும் இதைச் செய்கின்றன. அங்கே இருட்டாக இருப்பவன் அகப்பட்டுக்கொள்கிறான். விளக்கேற்றியவன் காணாமல் போகிறான்.

இது ஏதோ ஒரு விநோத விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கலிபோர்னியக் கடலில் 17 ஆண்டுகள் எடுத்த படங்களிலிருந்து மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை எண்ணி 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 4000 மீட்டர் ஆழம்வரை மிதந்தும் நீந்தியும் வாழ்பவற்றில் 76 சதவீதம் ஒளி உண்டாக்கக்கூடியவை என்கிறது. கடல்தான் பூமியின் பெரிய வாழிடம். அப்படியானால் இந்தக் கிரகத்தில் ஒளி என்பது பெரும்பாலும் உடம்பிலிருந்து வருவது. தன் பிழைப்புக்காக வருவது. இரைக்குத் தூண்டில், துணைக்குச் சைகை, எதிரியின் கண்ணைக் கூசவைக்கும் வெடிப்பு, மறைவதற்கான போர்வை. உண்மையைக் காட்டும் வேலையை அந்த ஒளியிடம் யாரும் ஒப்படைக்கவில்லை.

இந்த ஒளியைத் தரும் பொருளுக்கு 1880களில் ரஃபேல் துபுவா என்ற பிரெஞ்சு அறிவியலாளர் வைத்த பெயர் லூசிஃபெரின். லூசிஃபர் என்றால் லத்தீனில் ஒளியைச் சுமப்பவன். விடிவெள்ளிக்கும் அதுதான் பெயர். கிறித்துவ மரபில் சொர்க்கத்திலிருந்து கீழே தள்ளப்பட்டவனும் அவனே. ஆய்வுக்கூடத்துக்காரருக்கும் ஒளியின் நல்லெண்ணத்தில் முழு நம்பிக்கை இல்லைபோலும்.

2

இந்த மீன்களை அவற்றின் இடத்திலேயே போய்ப் பார்த்த முதல் மனிதராகச் சொல்லப்படுபவர் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீபி. அவருடைய 'ஹாஃப் மைல் டௌன்' 1934இல் வெளியானது. அதை அறிவியல் நூலாகவோ சாகச நூலாகவோ வாசிப்பதே வழக்கம். நான் அதைப் பிரதியாக வாசிக்க விரும்புகிறேன். அதாவது, அது எப்படி உற்பத்தியானது, அதில் நீந்தும் மீன்கள் எதனால் ஆனவை என்ற கேள்விகளோடு.

முதலில் தகவல்கள். இடம் பெர்முடா, அன்றும் இன்றும் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி. பீபியின் முகாம் நான்சச் என்ற குட்டித் தீவில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மஞ்சள் காய்ச்சல் கண்டவர்களை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த தீவு அது. கடலில் இறங்கிய கருவி 4 அடி 9 அங்குலக் குறுக்களவுள்ள ஓர் எஃகு உருண்டை. அதற்குள் பீபியும், அதன் வடிவமைப்பில் முன்நின்று பணமும் போட்ட ஓடிஸ் பார்ட்டனும் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். குவார்ட்ஸ் கண்ணாடிச் சன்னல்கள். மூச்சுக்கு ஆக்சிஜன் உருளை. கரியமில வாயுவை உறிஞ்சச் சோடாச் சுண்ணாம்புத் தட்டு. காற்றைக் கிளறிவிடப் பனையோலை விசிறி! 1930இல் 1426 அடி, 1932இல் 2200 அடி, 1934 ஆகஸ்ட் 15 அன்று 3028 அடி. மீட்டரில் சொன்னால் 923. அந்திமண்டலத்தின் கீழ் எல்லைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள்.

இனி உற்பத்தி. சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பீபி பார்க்கிறார். பார்த்ததைத் தொலைபேசியில் சொல்கிறார். மேலே மிதவையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கிளோரியா ஹோலிஸ்டர் கேட்டு எழுதுகிறார். (பேச்சு நீண்ட நேரம் நின்றுபோனால் கீழே ஆபத்து என்று பொருள். ஆகவே பீபி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உயிரோடிருப்பதற்கான நிபந்தனையே வர்ணித்துக்கொண்டிருப்பது!) அந்தக் குறிப்பையும் பீபியின் விளக்கத்தையும் வைத்துக்கொண்டு, அந்த உருண்டைக்குள் ஒருமுறைகூட இறங்காத எல்சா போஸ்டல்மன் என்ற ஓவியர் மீன்களை வரைகிறார். ஓவியங்கள் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழில் அச்சாகி லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகின்றன. ஒரு கண், ஒரு வாய், ஒரு கம்பி, ஒரு காது, ஒரு பேனா, ஒரு தூரிகை, ஓர் அச்சு இயந்திரம். இந்த வரிசையில் மீனின் உடம்பு எங்கேயும் இல்லை.

இப்படிப் பார்த்தவற்றுள் நான்குக்குப் பீபி லத்தீன் பெயர் சூட்டினார். அவற்றுள் ஒன்றின் பக்கவாட்டில் ஐந்து ஒளிவரிசைகள். நட்சத்திரக் கூட்டத்தின் பெயரை அதற்கு வைத்தார். இன்னொன்று தூண்டில் மீன், மூன்று விளக்குக் கம்பங்கள் ஏந்தியது. மூன்றாவது வெளிறிய நிறம், பாய்மரம்போல் துடுப்பு. நான்காவது ஆறடி நீளம், பக்கவாட்டில் வெளிறிய நீல விளக்குகள், அடியில் தொங்கும் இரண்டு இழைகளின் நுனியில் வேறு விளக்குகள். விலங்கியலில் ஒரு புது இனத்தை அறிவிக்க ஒரு சடலம் வேண்டும். அதைச் சாராயத்தில் போட்டு அருங்காட்சியகத்தில் வைத்து எண் கொடுக்க வேண்டும். அதுதான் அன்றாட வழக்கம். இங்கே சடலத்தின் இடத்தில் ஒரு வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது. 1935இல் மீனியலாளர் கார்ல் ஹப்ஸ் இதைக் கடுமையாகத் தாக்கினார். அந்த ஐந்துவரிசை மீன் ஏதாவது ஒளிரும் சொறிவகை உயிராக இருக்கலாம். ஆவலில் கண்ணாடியோடு ஒட்டிய பீபியின் முகம் விட்ட மூச்சு படிந்து, அந்த விளக்குகள் பரந்து அழகாகத் தெரிந்திருக்கலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். அதற்குப் பிறகு தொண்ணூறு ஆண்டுகள் போய்விட்டன. அந்த நான்கு மீன்களும் இதுவரை யார் வலையிலும் சிக்கவில்லை, யார் கேமராவிலும் விழவில்லை.

இருந்தனவா, இல்லையா? இந்தக் கேள்வியில்தான் எல்லாரும் நிற்கிறார்கள். எனக்கு ஹப்ஸின் கிண்டலே முக்கியமான வாசிப்பாகப் படுகிறது. பார்ப்பவனின் மூச்சு, பார்க்கப்படும் பொருளின் மேல் படிகிறது என்கிறார். குறையாகச் சொன்னார். ஆனால் எந்தச் சன்னலில் படியாமலிருந்தது? பீபியின் சன்னலில் அது கண்ணுக்குத் தெரியும்படி படிந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆறடி மீனுக்கு வைத்த பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. பேதிஸ்ஃபேரா இன்டாக்டா. இன்டாக்டா என்றால் தொடப்படாதது. அதற்குப் பீபியே கொடுத்த ஆங்கிலப் பெயரில் இருக்கும் சொல் 'அன்டச்சபிள்'. வருடம் 1932. அதே வருடம் செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அதே சொல் அன்றைய ஆங்கிலப் பத்திரிகைகளில் வேறு கோடிக்கணக்கானவர்களைக் குறித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு கட்ட நான் முயலவில்லை. பெர்முடாவில் எட்ட முடியாத ஒன்றுக்கு ஏக்கத்தோடு வைத்த பெயர் அது. இங்கே எட்டும் தூரத்தில் இருப்பவரை விலக்கி நிறுத்த வைத்த பெயர். ஆனாலும் இரண்டு இடத்திலும் பெயர், பெயரிட்டவனின் கையைப் பற்றித்தான் பேசுகிறது. பெயரைச் சுமப்பவரைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை. தமிழ் வாசகருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

3

பீபி தனியாள் இல்லை. அவர் நியூயார்க் விலங்கியல் சங்கத்தின் வெப்பமண்டல ஆய்வுத்துறைத் தலைவர். பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையை நடத்தியது அந்தச் சங்கம். 1925 முதல் 1937 வரை, அதாவது பெர்முடா முகாம் நடந்த ஆண்டுகள் முழுக்க, அதன் தலைவர் மாடிசன் கிராண்ட். 1916இல் வெள்ளை இன மேன்மையை அறிவியல் வேஷத்தில் எழுதி, அமெரிக்காவின் 1924 குடியேற்றத் தடைச் சட்டத்துக்கு வாதங்களைச் சப்ளை செய்த அதே கிராண்ட்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 1906 செப்டம்பரில் அந்த மிருகக்காட்சிசாலை, காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா என்ற இளைஞரைக் குரங்குக் கூண்டில் ஒராங்குட்டானோடு நிறுத்திக் கூட்டத்துக்குக் காட்டியது. கறுப்பினப் போதகர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகே நிறுத்தினார்கள். பத்தாண்டு கழித்து, 1916இல், ஓட்டா பெங்கா தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அந்தச் சங்கத்தின் இன்றைய வாரிசு அமைப்பு 2020இல்தான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 1906இல் பீபி அங்கே பறவைப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

பீபியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. தன் குழுவில் பெண்களை அறிவியலாளர்களாக வைத்து வேலை செய்ததற்காக அவர் ஏச்சு வாங்கினார். ஹோலிஸ்டரே அந்த உருண்டையில் 1208 அடி வரை இறங்கினார். நான் சொல்வது நிறுவனத்தைப் பற்றி. ஒரே நிறுவனம். ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் உருண்டை. கூண்டில் பார்க்கப்படுபவர் உள்ளே, பார்ப்பவர் வெளியே. உருண்டையில் பார்ப்பவர் உள்ளே அடைபட்டிருக்கிறார், பார்க்கப்படுபவை சுதந்திரமாக வெளியே திரிகின்றன. இந்த இடமாற்றம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'ஹாஃப் மைல் டௌன்' இன்றும் வாசிக்கத் தகுந்த பிரதியாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதில் பார்ப்பவன் குளிரில் நடுங்குகிறான், சொல் கிடைக்காமல் திணறுகிறான், தான் பார்த்ததை யாருக்கும் நிரூபிக்க முடியாமல் மேலே வருகிறான். அதிகாரத்தின் பார்வை இவ்வளவு பரிதாபமாக உட்கார்ந்திருக்கும் பிரதிகள் அதிகமில்லை.

உருண்டையிலும் ஒரு பிரகாசமான விளக்கு உண்டு. அதைப் போட்டால் மீனின் உடம்பு தெரியும், மீனின் ஒளி தெரியாது. அணைத்தால் ஒளி தெரியும், யாருடைய ஒளி என்று தெரியாது. இரண்டும் சேர்ந்து கிடைக்காது. காட்சிக்கு வைப்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பிய ஒரு நிறுவனத்தின் ஆள், அந்த நம்பிக்கை உடையும் இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்.

4

பீபிக்குப் பின்னால் வந்த பார்வைகளில் இந்தத் தடுமாற்றம் கிடையாது. காரணம், அவை கண்ணை நம்பவில்லை.

1942இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படைக்காக ஒலிக்கருவியைச் சோதித்தவர்களுக்கு ஒரு சிக்கல். ஆழமான கடல் என்று தெரியும். ஆனால் சில நூறு மீட்டரிலேயே தரை தட்டுவதுபோல் எதிரொலி வருகிறது. அந்தப் 'பொய்த்தரை' இரவில் மேலே ஏறுகிறது, பகலில் இறங்குகிறது. 1945இல் மார்ட்டின் ஜான்சன் என்ற கடல் உயிரியலாளர் இதைப் பின்தொடர்ந்துபோய், அது உயிர்க்கூட்டம் என்று காட்டினார். இன்று நமக்குத் தெரியும்: பொழுது சாய்ந்ததும் விளக்குமீன்களும் மற்றவையும் கூட்டங்கூட்டமாக மேல்நீருக்கு ஏறி, மேய்ந்து, விடிவதற்குள் கீழே இறங்கிவிடுகின்றன. பூமியில் தினந்தோறும் நடக்கும் மிகப்பெரிய இடப்பெயர்ச்சி இதுதான். இருட்டில் ஊருக்குள் வந்து, வெளிச்சம் வருமுன் ஊரைவிட்டு வெளியேறும் ஒரு பெருங்கூட்டம். ராணுவத்தின் காதுக்கு அது ஒரு தொந்தரவாக மட்டுமே கேட்டது. அதற்கடியில் நீர்மூழ்கிக் கப்பல் ஒளிந்துகொள்ளுமா என்பதே அவர்கள் கவலை. அந்தக் கருவி மீனையும் கேட்கவில்லை. பல மீன்களின் உள்ளே இருக்கும் காற்றுப்பையில் மோதி வரும் எதிரொலியைத்தான் கேட்டது.

அடுத்த வருடம், 1943இல், அதே கடற்படை 'யெஹுதி' என்ற ரகசியத் திட்டத்தில் ஓர் அவெஞ்சர் விமானத்தின் முன்விளிம்பில் விளக்குகளைப் பொருத்தியது. வானத்தின் வெளிச்சத்துக்குச் சமமாக எரியவிட்டார்கள். பன்னிரண்டு மைலிலேயே கண்ணில் பட வேண்டிய விமானம் ஏறத்தாழ இரண்டு மைலுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. கோடரிமீனின் வித்தை அப்படியே! மீன்கள் இதற்காகத்தான் எரிகின்றன என்ற விளக்கம் உயிரியலாளர்களிடையே பரவலானது 1960களில். ராணுவம் இருபது வருடம் முந்திக்கொண்டது. ரேடார் வந்து அந்த விளக்குகளைப் பயனற்றதாக்கிவிட்டதால் திட்டம் போருக்குப் போகவில்லை.

இங்கே நாம் உணர்ச்சிவசப்பட்டு 'ஒளிந்துகொள்ளும் ஒளி எளியவர்களின் ஆயுதம்' என்று எழுதிவிடக் கூடாது. அந்திமண்டலத்திலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. மாலகோஸ்டியஸ் என்ற வேட்டைமீன் கண்ணுக்கடியிலிருந்து சிவப்பு ஒளி வீசுகிறது. அங்கே அநேகமாக யாருக்கும் சிவப்பு தெரியாது. இதற்கு மட்டும் தெரியும். அதன் விழித்திரையில் பச்சையத்திலிருந்து வந்த ஒரு பொருள் இருப்பதை 1998இல் வெளியிட்டார்கள். தின்ற இரை வழியாக அது வந்து சேர்கிறது. தன் வெளிச்சத்தில் தான் மட்டும் பார்க்கும் வசதி! ஃபூக்கோவை வாசித்தவர்களுக்குப் பெந்தாமின் சிறைக்கோபுரம் ஞாபகம் வரும். மறுபுறம், 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, தம்மீது விழும் ஒளியில் அரைச் சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பித் தரும் அதிகருப்பு மீன்கள் 16 இனங்களைப் பதிவுசெய்தது. வெளிச்சம் போட்டுத் தேடுபவர்கள் இருப்பதால் அப்படியொரு கருப்பு அங்கே தேவைப்படுகிறது.

ஆழ்கடல் உயிர்களைத் தொந்தரவு செய்யாமல் பார்க்க வேண்டும் என்று பாடுபட்டவர் ஈடித் விட்டர். கப்பல் விளக்குகள் எல்லாவற்றையும் விரட்டிவிடுகின்றன என்று, சிவப்பு வெளிச்சத்தில் இயங்கும் கேமராவை உருவாக்கினார். மின்னும் சொறிமீன் ஒன்றின் போலியைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார். 2012இல் ஜப்பானியக் கடலில் ராட்சதக் கணவாய் அப்படித்தான் படத்தில் விழுந்தது. மென்மையான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அது மாலகோஸ்டியஸின் முறையும்கூட. பார்க்கப்படுவது தெரியாமல் பார்ப்பது. பார்வைக்குள் அதிகாரம் எவ்வளவு ஆழமாகக் குடியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

5

மூன்றாவது பார்வை தராசு. இன்று ஆட்சி செய்வது இதுதான்.

1980இல் வெளியான ஒரு கணக்கு, அந்திமண்டல மீன்களின் மொத்த எடையை ஏறத்தாழ 100 கோடி டன் என்றது. வலையால் அரித்துப் பார்த்துப் போட்ட கணக்கு. 2014இல், மலாஸ்பினா என்ற ஸ்பானிஷ் ஆய்வுப் பயணத்தின் ஒலிப்பதிவுகளை வைத்து, அது பத்து மடங்காகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம் என்று எழுதினார்கள். வலை வருவதை மீன்கள் உணர்ந்து விலகிவிடுகின்றன, அதனால் பழைய கணக்கு குறைந்துபோனது என்பது காரணம். உலகம் முழுக்க ஒரு வருடத்தில் கடலில் பிடிக்கப்படும் மீன் ஏறத்தாழ 8 கோடி டன். ஒப்பிட்டுப் பாருங்கள், யாருக்கு வாய் ஊறாது?

மீன்கள் எதுவும் மாறவில்லை. எண் மாறியது. எண் மாறியதும் மீன் வேறு பொருளாகிவிட்டது. நார்வே 2017 வாக்கில் பரிசோதனை உரிமங்கள் கொடுத்தது. எண்ணெய்ச்சத்து மிகுந்த இந்த மீன்கள் மனிதர் சாப்பாட்டுக்கு அதிகம் ஆகாதவை. மீன்மாவாக்கலாம், எண்ணெய் எடுக்கலாம், பண்ணையில் வளரும் சால்மனுக்குத் தீவனமாக்கலாம். அந்தச் சால்மன் யார் தட்டுக்குப் போகிறது என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்பும் முயன்றிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 1970களில் பிடித்தார்கள். எண்ணெய் மிகுதியால் ஆலைகளில் சிக்கல் வந்தது, 1980களில் விட்டுவிட்டார்கள். தென் அட்லாண்டிக்கில் சோவியத் கப்பல்கள் பிடித்தன; சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அது நின்றது. ஆக, இந்த மீன்களை இதுவரை காப்பாற்றியவை பிசுபிசுப்பும் ஓர் அரசின் வீழ்ச்சியும்!

நமக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. கொல்லத்துக்கு அப்பால் ஆழ்கடல் இறாலுக்குப் போகும் விசைப்படகுகளின் வலையில் விளக்குமீன்கள் கணிசமாக வருகின்றன. கழிவு மீனாகக் கடலிலேயே கொட்டப்படுகின்றன. கொச்சி ஆய்வாளர்கள் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். வயிறு நிறைய விளக்கோடு வந்த மீன், படகில் கழிவு. அரபிக்கடல் விளக்குமீன்களை மதிப்பிடும் வேலையும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. 2021இல் மத்திய அரசு 4077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் மொழியைக் கவனியுங்கள்: வளம், வளம், வளம். உயிர் என்ற சொல்லும் வரும், ஆனால் வளத்தின் ஒரு துணைப்பிரிவாக.

இந்த மீன்கள் இரவில் மேலே தின்று பகலில் கீழே கழிப்பதால், காற்றிலிருந்து கடலுக்குள் வந்த கரியின் ஒரு பகுதி ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது. பூமி சூடாவதைத் தடுக்கும் வேலைகளில் அதுவும் ஒன்று. சூழலியலாளர்கள் இதை எடுத்துச் சொல்லி, ஆகவே பிடிக்காதீர்கள் என்கிறார்கள். நியாயமான வாதம். ஆனால் அதுவும் தராசின் மொழியில்தான் பேசுகிறது. தீவனமாக இத்தனை டன், கரி சுமக்கும் கூலியாக இத்தனை டன். எது லாபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. நாளைக்கு இன்னொரு கணக்கு வந்து தட்டு மறுபக்கம் சாய்ந்தால் என்ன சொல்வோம்?

6

'அப்படியானால் அறியாமல் இருப்பதே நல்லது என்கிறாயா? ஆய்வே வேண்டாமா?' என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. கிணற்றைப் பார்க்காதே என்று சொல்வது நம் மரபில் ஆதிக்கசாதியின் குரல். அதை நான் கடலுக்குக் கொண்டுபோகவில்லை. ஓட்டா பெங்காவின் கதையும்கூட, யாரோ தோண்டி எடுத்து எழுதியதால்தான் நம்மிடம் இருக்கிறது. கேள்வி, அறிவதா அறியாதிருப்பதா என்பதில்லை. அறிந்தவுடன் கை நீள வேண்டும் என்பதை யார் விதித்தது என்பதே.

கை நீளாமலும் இருக்க முடியும் என்பதற்கு ஒரு சின்ன முன்னுதாரணம் உண்டு. 2016இல் அமெரிக்காவின் பசிபிக் கரையில், வாஷிங்டன், ஓரிகன், கலிபோர்னியா மாநிலங்களுக்கு அப்பாலுள்ள கடலில், விளக்குமீன் உள்ளிட்ட இரைமீன்களுக்குப் புதிதாக மீன்பிடிப்பு தொடங்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். விளைவு என்னவென்று போதுமான அளவு தெரியும்வரை தொடாதே என்பது அதன் பொருள். வழக்கமாக நமக்குச் சொல்லப்படுவது இதற்கு நேர் எதிர்: ஆபத்து என்று நிரூபிக்கப்படும்வரை எடுத்துக்கொண்டே இரு. அனல்மின் நிலையத்துக்கும் அணு உலைக்கும் பக்கத்தில் வாழும் கடற்கரை மக்களுக்கு இந்த இரண்டு வாக்கியங்களின் வித்தியாசம் அனுபவத்தில் தெரியும்.

மார்த்தினிக் தீவின் எழுத்தாளர் எட்வார் கிளிசான், 1990இல் வெளியான நூலில், ஒளி ஊடுருவாமல் இருப்பதற்கான உரிமை என்று ஒன்றைப் பேசினார். என்னை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் முதலில் எனக்குள் எல்லாவற்றையும் வெளிச்சம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்காதே. புரியாமலும் சேர்ந்து வாழலாம் என்பது அவர் வாதம். அடிமைக் கப்பல்களிலிருந்து வீசப்பட்டவர்கள் கிடக்கும் அட்லாண்டிக்கிலிருந்து அவர் அந்த நூலைத் தொடங்குகிறார். பீபி இறங்கியதும் அந்தப் பெருங்கடலில்தான். 'ஹாஃப் மைல் டௌன்' அந்த ஆழத்தை மனிதன் நுழையாத கன்னிநிலமாகக் காட்டுகிறது. மூச்சோடு நுழைந்தவர்களைப் பற்றி மட்டும் பேசினால் அது சரி.

நம் விஷயத்துக்கு வருகிறேன். குரலற்றவர்களின் குரல், பதிவாகாத வாழ்க்கையின் பதிவு, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு என்றெல்லாம் நாமும் எழுதுகிறோம், இயக்கம் நடத்துகிறோம். கணக்கெடுப்பில் வராதவனுக்கு ரேஷன் கிடையாது என்பதும் உண்மை. வெளிச்சத்தைக் கேட்டுப் போராடியவர்கள் சும்மா போராடவில்லை. ஆனால் வலையை உணர்ந்து விலகிய மீன்களை, ஒலியால் எண்ணி முடித்ததும் உரிமம் வந்ததைப் பார்த்துவிட்டோம். பதிவுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் பதிவு செய்துகொண்டே போகிறவன், நல்லெண்ணம் உள்ளவனாக இருந்தாலும், வேவுக்காரனின் வேலையைச் செய்து கொடுத்துவிடக்கூடும். ஒரு மக்கள் கூட்டம் தன்னைப் பற்றி எதைக் காட்டும், எதை ஒளித்துவைக்கும், யாரிடம், எவ்வளவு பிரகாசத்தில் என்பதை அந்தக் கூட்டமே தீர்மானிக்கும் உரிமையைப் பற்றி நம் அரசியல் இன்னும் பேசத் தொடங்கவில்லை. கோடரிமீன் வயிற்று விளக்கைக் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்கிறது. அந்தத் திருகு அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

பீபியின் நான்கு மீன்களையும் யாராவது ஒருநாள் கண்டுபிடிக்கலாம். அப்படியொன்று இருந்ததே இல்லை என்றும் முடியலாம். எப்படியானாலும் அந்த நான்குக்கு மட்டும் இதுவரை யாரும் டன் கணக்கு எழுதவில்லை, உரிமம் கேட்கவில்லை. அவற்றின் ஒளி பிரதிக்குள் இருக்கிறது, அவை ஒளிந்திருக்கின்றன. ஆழ்கடல் உரிமங்களைப் பற்றிய விவாதம் நம் கரைக்கு வரும்போது, மீனவர் சங்கங்களின் கூட்டத்தில் டன் கணக்குத் தாளை எடுத்து முன்னால் வைப்பார்கள். அந்தத் தாளை யார் எழுதினார்கள், எந்தச் சன்னல் வழியாகப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்பதிலிருந்து நாம் ஆரம்பிக்கலாம்.